மழை கொட்டும்போது அணையை ஏன் திறக்கிறார்கள்? ஏரி மட்டம் பற்றிய எளிய விளக்கம்

கோலாலம்பூரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கிவிடும். "அணையைத் திறந்துவிட்டார்களாம், ஆற்றோரம் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள்" என்று யாரோ பதறுவார்கள். எந்த அணை, எப்போது, எவ்வளவு தண்ணீர் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. செந்தூலில் இருக்கும் அக்கா அதை பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தம்பிக்கு அனுப்புவார், அவர் கிள்ளானில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புவார். அரை மணி நேரத்தில் மூன்று ஊர்களில் தூக்கம் கெட்டிருக்கும்.

அந்தப் பதற்றத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. மழையே ஊரை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான் அணை கட்டினோம். அப்படியிருக்க, சரியாக அந்த நேரம் பார்த்து அணையைத் திறந்து இன்னும் தண்ணீரை ஆற்றில் விடுவது என்ன நியாயம்? இதைக் கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மதகு எப்படி வேலை செய்கிறது என்று நமக்கு யாரும் பொறுமையாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லிப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்தைத் தடுப்பது ஏரியில் இருக்கும் காலியிடம். ஏரி எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் பட்சம். கோயில் அன்னதானத்தை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் ஐந்நூறு பேர் உட்காரலாம் என்பது வாசலில் காத்திருப்பவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்போது எத்தனை இலைகள் காலியாக இருக்கின்றன என்பதுதான் அவருடைய கணக்கு. முந்தைய பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். விளிம்புவரை நிரம்பிய ஏரியும் அப்படித்தான். அதன் மேல் பெய்யும் மழையும் அதற்குள் ஓடிவரும் ஆறும் வந்த வேகத்தில் அப்படியே கீழே போய்விடும். அந்த நேரத்தில் அணை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மதகைத் திறப்பது அந்தக் காலியிடத்தை உண்டாக்கும் வேலை. இனி வருவதெல்லாம் இதன் விரிவு.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

எண்கள் இல்லாமல் பேசினால் இந்த விஷயம் மூடுமந்திரமாகவே இருந்துவிடும். அதனால் ஒரு கற்பனை ஏரியை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எண்களை நானே வைத்திருக்கிறேன்.

அந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் மலைப்பகுதி, அதாவது நீர்ப்பிடிப்புப் பகுதி, 50 சதுர கிலோமீட்டர். ஏரியின் நீர்ப்பரப்பு 2 சதுர கிலோமீட்டர். ஒரு மாலை நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இது ஒன்றும் கேள்விப்படாத மழை அல்ல.

100 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 100 லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு அது ஒரு லட்சம் கன மீட்டர் ஆகிவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஆக 50 சதுர கிலோமீட்டரில் விழுவது 50 லட்சம் டன். இதில் ஒரு பகுதியை மண்ணும் மரங்களும் குடித்துவிடுகின்றன. ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் என்பதால் அறுபது விழுக்காடு ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கு வந்து சேர்வது 30 லட்சம் கன மீட்டர். அது மூன்று மணி நேரத்தில் வந்தால் வினாடிக்குச் சுமார் 280 கன மீட்டர் நீர்வரத்து. எதையும் வெளியே விடாமல் வைத்திருந்தால் ஏரியின் மட்டம் ஒன்றரை மீட்டர் உயரும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். மழை தொடங்கும்போது ஏரியில் ஒரு மீட்டர் இடம்தான் மிச்சம் இருக்கிறது.

மதகைத் தொடாமல் காத்திருந்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு மணி நேரம் ஏரி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். கீழே ஆறு அமைதியாக இருக்கும், ஆற்றோரத்தில் இருப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஏரி நிரம்பிவிடும். அந்த நொடியிலிருந்து வினாடிக்கு 280 கன மீட்டர் வந்தால் 280 கன மீட்டரையும் வெளியே விட்டே ஆக வேண்டும். பூஜ்யத்திலிருந்து 280க்கு ஆறு சில நிமிடங்களில் தாவும். ஊரை அழிப்பது இந்தத் தாவல்தான்.

அதே நாள் காலையிலேயே, மழைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே, வினாடிக்கு வெறும் 30 கன மீட்டர் வீதம் திறந்துவிட்டிருந்தால்? பன்னிரண்டு மணி நேரத்தில் சுமார் 13 லட்சம் கன மீட்டர் வெளியேறியிருக்கும். மட்டம் 65 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஏற்கெனவே இருந்த ஒரு மீட்டரோடு சேர்த்தால் 1.65 மீட்டர் இடம். ஒன்றரை மீட்டர் உயர்வை ஏரி முழுவதுமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். கீழே ஆறு கொஞ்சம் கலங்கலாகவும் கொஞ்சம் உயரமாகவும் ஓடுவதோடு சரி.

280க்குப் பதில் 30. இவ்வளவு பெரிய வித்தியாசம் கதவைத் திறந்த நேரத்தால் வந்தது. ஆனால் காலையில், வானம் வெளுத்திருக்கும்போது, நல்ல குடிநீரை ஆற்றில் விடுகிறார்களே என்று பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். இந்த வேலையில் இருப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். சரியாகச் செய்தால் வெள்ளமே வராது. வராத வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, வீணாய்ப் போன தண்ணீர் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

கலங்கும் மதகும்

ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நம் முன்னோர்களின் ஏரிகளில் இருந்த கலங்கு. கரையின் ஒரு பகுதியை மற்ற இடங்களைவிடத் தாழ்வாகக் கல் பாவிக் கட்டியிருப்பார்கள். ஏரி அந்த மட்டத்தைத் தொட்டதும் உபரி நீர் தானாக வழிந்து ஓடிவிடும். கதவு இல்லை, காவலாள் இல்லை, மின்சாரம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கினாலும் கலங்கு தன் வேலையைச் செய்யும். இன்றைய பல பெரிய அணைகளிலும் இதே தத்துவத்தில் சிமெண்டால் கட்டிய வழிந்தோடிகள் இருக்கின்றன. ஆனால் மழைக்கு முன்பே இடம் உண்டாக்க கலங்கால் முடியாது. நிரம்பிய பிறகுதான் அது வேலையைத் தொடங்கும்.

இன்னொன்று, கதவு வைத்த மதகு. இரும்புக் கதவை மேலே தூக்கினால் அடியில் தண்ணீர் பாயும். எவ்வளவு தூக்குகிறோமோ அதற்கேற்ற அளவு போகும். நிரம்பும் முன்பே திறக்கலாம், பாதியில் நிறுத்தலாம், மறுபடி மூடலாம். இந்தச் சுதந்திரத்தோடு ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. மனிதர் ஒருவர் விழித்திருந்து முடிவெடுக்க வேண்டும், மின்சாரம் போனாலும் கதவு திறக்க வேண்டும், துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளக் கூடாது.

கரைக்கு மேல் தண்ணீர் வழிய விட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அது அணை எதனால் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. நம் ஊரிலேயே இரண்டு வகையும் உண்டு. தாமான் மெலாவத்திக்குப் பின்னால், புக்கிட் தாபூர் மலையேறுபவர்கள் மேலிருந்து பார்த்து வியக்கும் கிள்ளான் கேட்ஸ் அணை கான்கிரீட்டால் வில்போல் வளைத்துக் கட்டியது. 1958இல் முடிந்தது, பின்னர் அதன் உயரமும் கூட்டப்பட்டது. பத்து அணையோ மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டிய மண் அணை, 1987இல் முடிந்தது. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் நீராடும் அதே பத்து ஆற்றின் மேற்பகுதியில்தான் அந்த அணை நிற்கிறது. கோயிலுக்கு ஆண்டுதோறும் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

கான்கிரீட் அணையின் மேல் கொஞ்சம் நீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கிவிடும். மண் அணையின் உச்சியில் நீர் வழிந்தால் கதை வேறு. ஓடும் தண்ணீர் மண்ணை அரிக்கும், அரித்த இடம் பள்ளமாகும், பள்ளத்தில் இன்னும் வேகமாக நீர் பாயும். சில மணி நேரத்தில் கரையே இருக்காது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு இரண்டாம் அணையில் இதுதான் நடந்தது. மண் கரையின் மேல் வெள்ளம் வழிந்து கரை உடைந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் என்றே ஒரு கோயில் இருக்கிறது. மழை இரவில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்ற அச்சம் நம் மக்களுக்கு எவ்வளவு பழையது என்பதற்கு அந்தப் பெயர் போதும்.

ஆகவே மழைக்காலத்தில் அணையை இயக்குபவரின் முதல் கடமை அணையைக் காப்பது. திறந்துவிட்டால் கீழே சில தெருக்களில் நீர் புகும் என்று தெரிந்தும் சில வேளைகளில் திறந்தே ஆக வேண்டியிருக்கும். ஏனென்றால் அணை உடைந்தால் அந்தத் தெருக்கள் மட்டுமல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஊரும் இருக்காது. அணையின் உச்சிக்கும் அனுமதிக்கப்பட்ட மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். காற்றில் எழும் அலைக்கும் எதிர்பாராத மழைக்குமான இடம் அது. அதில் கைவைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

சென்னையின் இரண்டு நவம்பர்கள்

நம்மில் பலருக்குச் சென்னையில் உறவினர்கள் இருக்கிறார்கள். அதனால் செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர் கோலாலம்பூரிலும் பழகிய பெயராகிவிட்டது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்டதாகச் செய்திகளில் நாம் படித்த ஏரி அது. 2015 நவம்பர் முழுவதும் மழை. மாதக் கடைசியில் ஏரி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. டிசம்பர் 1 அன்று பெருமழை கொட்டியபோது வாங்கிக்கொள்ள ஏரியில் இடம் இல்லை. வெளியேற்றத்தைப் படிப்படியாகக் கூட்டி, இரவில் வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் விட வேண்டியதாயிற்று. அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் மாடிகளிலும் கூரைகளிலும் அந்த இரவைக் கழித்தார்கள்.

முன்பே திறந்திருக்க வேண்டும் என்று ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். அடையாற்றில் வந்த வெள்ளம் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை, வழியில் நிரம்பி வழிந்த எத்தனையோ சிறு ஏரிகளின் நீரும் சேர்ந்துதான் வந்தது என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். என் கருத்தில் இரண்டும் உண்மை. ஆற்றில் ஏற்கெனவே வேறு தண்ணீர் பெருகி ஓடும்போது ஏரியின் தண்ணீரும் அதே நேரத்தில் போய்ச் சேர்வதுதான் மிக மோசமான நிலை. முன்கூட்டி விட்டிருந்தால் இரண்டும் வேறு வேறு நாளில் போயிருக்கும்.

2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ஏரி 22 அடியைத் தொட்டதுமே, நிரம்புவதற்குக் காத்திராமல், நண்பகலில் மதகைத் திறந்தார்கள். முதலில் வினாடிக்கு 1,000 கன அடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 9,000 வரை கொண்டுபோனார்கள். பகல் வெளிச்சத்தில் தொடங்கியதும் படிப்படியாகக் கூட்டியதும் தற்செயல் அல்ல. ஆறு மெல்ல உயர்ந்தால் கரையில் இருப்பவர் கண்ணால் பார்த்து மேட்டுக்குப் போக முடியும். மாட்டை அவிழ்க்கலாம், வண்டியை நகர்த்தலாம், பாட்டியைக் கைபிடித்து அழைத்துப் போகலாம்.

இரவில், திடீரென்று, என்றால் என்ன ஆகும் என்பதை நம் நாடே ஒருமுறை பார்த்துவிட்டது. 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவுக்குப் பிறகு, கேமரன் மலையில் ரிங்லெட் ஏரியைத் தாங்கி நிற்கும் சுல்தான் அபுபக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. மேலே கனமழை, ஏரியில் இடமில்லை, அணையைக் காக்க வேறு வழியும் இல்லை. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின.

அந்த நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது வண்டல். மலைச்சரிவுகளில் காடு அழிந்து காய்கறித் தோட்டங்கள் பெருகியபோது, ஒவ்வொரு மழையிலும் மண் கரைந்து ஏரிக்கு வந்தது. 1960களில் கட்டிய ஏரி வருடந்தோறும் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டே போனது. மேலே பார்த்தால் அதே நீர்ப்பரப்பு, அதே அழகு. ஆனால் தண்ணீருக்கு இருந்த இடத்தைச் சேறு பிடித்துவிட்டது. இடம் குறைந்த ஏரி சின்ன மழைக்கே நிரம்பும், அடிக்கடி திறக்க வேண்டிவரும், யோசிப்பதற்கான நேரமும் குறையும். மலையில் ஒரு காட்டை வெட்டும்போது கீழே ஓர் அணையின் காலியிடத்தையும் சேர்த்தே வெட்டுகிறோம். இதைப் பற்றி நாம் போதுமான கோபம் கொள்ளவில்லை என்பது என் ஆதங்கம்.

கோலாலம்பூருக்கு வேறு கணக்கு

சென்னைக்குப் புயல் வரும் என்றால் சில நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். ஏரியைத் தாழ்த்த அவகாசம் உண்டு. நம் ஊர் மழை அப்படி அறிவித்துவிட்டு வருவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் திரளும், நான்கு மணிக்குக் கோம்பாக்கில் கொட்டும், அதே நேரம் பங்சாரில் வெயில் அடிக்கும். பருவமழைகள் மாறும் ஏப்ரல் மாதத்திலும், தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இந்த இடிமழை மிகுதி. எந்த மலைக்குமேல் எந்த மேகம் உடையும் என்பதை ராடார் பார்த்து ஓரிரு மணி நேரம் முன்னால்தான் ஓரளவு சொல்ல முடியும். வினாடிக்கு 30 கன மீட்டர் விட்டு இடம் பிடிக்க ஓரிரு மணி நேரம் எந்த மூலைக்கும் போதாது.

அதனால் இங்கே வெள்ளத்துக்கான இடத்தை நிரந்தரமாகவே ஒதுக்கிவைக்கிறார்கள். வெள்ளத் தடுப்பையும் நோக்கமாகக் கொண்ட அணையில், குடிநீருக்கு இந்த மட்டம் வரை, அதற்கு மேல் உள்ளது மழைக்கு என்று ஒரு கோடு இருக்கும். மழை பெய்து மட்டம் கோட்டைத் தாண்டினால், அடுத்த மழைக்கு முன் கோட்டுக்கு இறக்கிவிட வேண்டும். சாதாரண நாளில்கூட அணையிலிருந்து தண்ணீர் போவதை நாம் பார்ப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

கோலாலம்பூருக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்றால், அதில் பெரும்பகுதி மலையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. தார்ச்சாலை, கார் நிறுத்துமிடம், கூரை, சிமெண்டுத் தரை இவற்றின் மேல் விழுந்து, மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், வடிகால் வழியாக நேரே ஆற்றுக்குப் பாய்ந்த நகரத்தின் சொந்த மழை அது. அணைக்குக் கீழே விழும் மழையை அணையால் தடுக்க முடியாது. நகருக்குள் மழை கொட்டும் அந்த இரண்டு மணி நேரத்தில் மேலே அணை செய்யக்கூடிய உதவி, தன் கதவை மூடிக்கொண்டு மலைநீரைப் பிடித்துவைப்பதுதான். ஆறு இறங்கிய பிறகு மெல்லத் திறந்துவிடும். அதற்கும் காலியிடம் வேண்டும்.

1971 ஜனவரியில் இந்த நகரம் மூழ்கியது. தலைநகரின் நடுப்பகுதியே நீரில் நின்ற அந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகுதான் கிள்ளான் ஆற்றுப்படுகைக்கான வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் வேகம் பிடித்தன. அணைகளோடு பழைய ஈய லம்பங்கள், அதாவது ஈயம் தோண்டிய பள்ளங்கள், பலவற்றையும் வெள்ளநீர் தேக்கும் குளங்களாக மாற்றினார்கள். பின்னர், 2007இல், ஸ்மார்ட் சுரங்கம் வந்தது. காரில் போகும்போது நாம் சாதாரணமாகக் கடந்துபோகும் அந்தச் சுரங்கமும் ஒருவகையில் மதகுதான்.

அது வேலை செய்யும் விதம் அருமையானது. 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் கம்போங் பெரெம்பாங் அருகே, கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்தையொட்டித் தொடங்குகிறது. நகர மையத்தைத் தொடாமல் அடியில் சுற்றிப் போய், தாமான் டேசா பக்கம் ஏரியில் முடிகிறது. நடுவில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு அடுக்குச் சாலை. சாதாரண நாளில் கார்கள் மட்டும். நடுத்தர மழையில் ஒரு பங்கு வெள்ளத்தைச் சாலைக்கு அடியில் இருக்கும் வழியில் விடுவார்கள், மேலே போக்குவரத்து நடக்கும். பெருமழை என்றால் வண்டிகளை எல்லாம் வெளியேற்றிவிட்டு, யாரும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்த பிறகு, பெரிய கதவுகளைத் திறந்து சுரங்கம் முழுவதையும் ஆற்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். தேக்கும் குளங்களையும் சேர்த்தால் சுமார் 30 லட்சம் கன மீட்டர் இடம். நம் கற்பனை ஏரிக்கு ஒரு மாலையில் வந்த தண்ணீர் முழுவதும் அதில் அடங்கும். மழைநாளில் சுரங்கம் மூடியிருக்கிறது என்று சலித்துக்கொள்ளும்போது, அந்தத் தண்ணீர் மஸ்ஜித் இந்தியாக் கடைவீதிக்குப் போகாமல் அங்கே போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆற்றின் கடைசியில் கடல் இருக்கிறது. கிள்ளானில் கடல் ஏற்றம் பல மீட்டர் உயரும். அந்த நேரத்தில் ஆறு கடலுக்குள் இறங்க முடியாமல் நிற்கும், ஆற்றோரத்துத் தாழ்வான குடியிருப்புகளின் வடிகால் நீர் ஆற்றுக்குள் இறங்க முடியாமல் நிற்கும். இதற்கென்று வைத்திருக்கும் மதகுகளைக் கடல் ஏறும்போது மூடி, வற்றும்போது திறப்பார்கள். மூடியிருக்கும் நேரத்தில் பம்பு வைத்து இறைக்க வேண்டும். 2021 டிசம்பர் 18ஐ ஒட்டிய நாட்களில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடி வரை நீர் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பேய் மழையும், தாழ்ந்த நிலமும், வடிய வழியில்லாமையும் சேர்ந்த கொடுமை அது. எல்லா வெள்ளத்துக்கும் "அணையைத் திறந்ததுதான் காரணம்" என்று சொல்லிவிடும் பழக்கம், இப்படிப்பட்ட உண்மையான காரணங்களைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. பினாங்கில் 2017 நவம்பரில் ஊரே மூழ்கியபோதும் பெரும் காற்றோடு வந்த விடாத மழையும் கடல் ஏற்றமும்தான் முன்னால் நின்றன. அங்குள்ள ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் குடிநீருக்காகக் கட்டியவை.

அப்படியானால் ஏரியை எப்போதும் பாதி காலியாகவே வைத்திருக்கலாமே?

வைத்திருக்கலாம், 1998ஐ மறந்துவிட்டால். அந்த ஆண்டின் வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் அணைகள் வற்றி, வாளியும் குடமுமாக மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். 2014இலும் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அதே ஏரிதான் குழாயில் வரும் தண்ணீருக்கும் ஆதாரம். முன்கூட்டித் திறந்துவிட்டு, எதிர்பார்த்த மழை வராமல் போனால், இழந்த தண்ணீரை யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. வெள்ளத்துக்குக் காலி ஏரி வேண்டும், வறட்சிக்கு நிறைந்த ஏரி வேண்டும். எந்த மாதத்தில் எந்த மட்டம் என்று பழைய மழைப் பதிவுகளை வைத்து ஓர் அட்டவணை போட்டு, அதன்படி நடப்பதுதான் நடைமுறை. பருவநிலை மாறி, பழைய பதிவில் இல்லாத மழை பெய்யத் தொடங்கியிருப்பதால் அந்த அட்டவணைகளையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அறிவிப்பு வந்தால்

கட்டுப்படுத்தப்பட்ட நீர் வெளியேற்றம் என்று அறிவிப்பு வந்தால், அதில் எந்த அணை, எந்த ஆறு என்று முதலில் பாருங்கள். பத்து அணையின் அறிவிப்பு அம்பாங்கில் இருப்பவருக்கு அல்ல. அடுத்து, ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள். நீர்ப்பாசன, வடிகால் துறை நடத்தும் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆற்று நிலையத்தின் மட்டமும் வருகிறது. சாதாரண நிலைக்கு மேல் வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்று மூன்று படிகள். விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு அருகே எந்த நிலையம் இருக்கிறது என்று வெயில் நாளிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மழை கொட்டும் இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எண்ணைவிட அது மாறும் வேகம் முக்கியம். ஒரு மணி நேரமாக அமாரானில் நின்றுகொண்டிருக்கும் ஆறு, அரை மணி நேரத்தில் சாதாரண நிலையிலிருந்து வாஸ்பாடாவுக்குத் தாவிய ஆற்றைவிடக் குறைந்த கவலைக்குரியது. சைரன் ஒலித்தால் உறுதிசெய்துகொள்ளக் காத்திருக்க வேண்டாம், மேடான இடத்துக்குப் போங்கள். அடித்தளத்தில் நிறுத்திய காரை எடுக்க மட்டும் கீழே இறங்க வேண்டாம். ஆற்றோரம் தூண்டில் போடுபவர்கள், நடைபயிற்சி செய்பவர்கள், குளிக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் வெளியேற்ற நாட்களில் ஆபத்து மிகுதி. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆறு உயரலாம் என்பதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

வானம் தெளிந்த பிறகும் ஓரிரு நாள் அணையிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். மழை நின்றாலும் மலையில் ஊறிய நீர் ஓடைகளில் வந்துகொண்டேதான் இருக்கும். கோட்டைத் தாண்டி ஏறிய மட்டத்தை அடுத்த இடிமழைக்கு முன் இறக்கியாக வேண்டும், அதையும் கீழே ஆறு தாங்கும் அளவில்தான் செய்ய முடியும். மட்டம் கோட்டுக்கு வந்ததும் கதவை இறக்கிவிடுவார்கள்.